சேவை ஆபீசின் முதல் ரசீது

மனு எழுதுவது ஜம்புலிங்கத்துக்கு ஒரு வியாதி என்று அவர் மனைவி சாரதா சொல்வாள். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிற மனுஷன் பருப்பையும் புளியையும் விற்றோமா, கடையைச் சாத்தினோமா என்று இருக்க வேண்டும். இவரோ மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுத்தாளை மடித்து ஓரம் விட்டு, ‘மான்யரே’ என்று கன்னடத்தில் ஆரம்பித்துவிடுவார். இரண்டு படி அரிசிக்கு வந்து நிற்கிறவர்கள் அந்த வாக்கியம் முடிகிற வரை நிற்க வேண்டியதுதான்.

ஏழு வருஷமாக மனுவின் விஷயம் ஒன்றே ஒன்று. சாம்பியன் ரீப்ஸில் சர்க்கார் ஒரு சின்ன ஆபீஸ் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டுமா, கோலாருக்குப் போ. ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க வேண்டுமா, கோலாருக்குப் போ. விடிகாலை ரயிலைப் பிடித்து பங்காரப்பேட்டை, அங்கிருந்து பஸ், போய்ச் சேர்ந்தால் அந்தக் கிளார்க் அன்றைக்கு லீவு. சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒரு ஷிப்டு போச்சு. கன்னடம் எழுதத் தெரிந்த பாவத்துக்கு ஜம்புலிங்கத்தையும் துணைக்குக் கூப்பிடுவார்கள், அவரும் போவார். சுரங்கக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கிற லைன் வீட்டுப் பார்வதம்மா முதியோர் பென்ஷனுக்காக மூன்று தடவை கோலார் போய், மூன்றாவது தடவை ஆபீஸ் வாசல் புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுததை அவர் கண்ணால் பார்த்தார். அன்றைக்கு வந்து எழுதியதுதான் முதல் மனு.

அறுபத்தேழு கார்த்திகையில் பதில் வந்தது. பதில் என்றால் காகிதம் இல்லை, ஆளே வந்தார். வேணுகோபால் என்று கோலார் ஆபீஸ் கிளார்க், முளபாகல் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். கடைக்கு முன்னால் குடையை மடக்கிக்கொண்டு, ஜம்புலிங்கம் என்பது யார் என்று கேட்டார். இத்தனை மனு எழுதின கையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் தானே வந்ததாகச் சொன்னார். ஜம்புலிங்கத்துக்கு வாயெல்லாம் பல்.

விஷயம் இதுதான். ஜனங்கள் இருக்கிற இடத்துக்கே போய்ச் சின்னச் சின்ன சேவை ஆபீஸ்கள் திறந்து பார்க்கலாம் என்று மேலே யோசனை. வாரத்தில் மூன்று நாள் ஒரு கிளார்க் வந்து உட்காருவார். ரேஷன் கார்டு, பிறப்பு இறப்புப் பதிவு, குடியிருப்புச் சான்று, முதியோர் பென்ஷன் எல்லாம் அங்கேயே. இரண்டு நிபந்தனை. அறையை ஊர்க்காரர்களே கொடுக்க வேண்டும். சுற்றியிருக்கிற ஆறு லைன்களில் உள்ள வீடுகளுக்கும் குடும்பப் பட்டியல் ஒன்றை அவர்களே எடுத்துத் தர வேண்டும், அதுவும் மாசி முடிவதற்குள். பட்டியல் சுத்தமாக இருந்தால் ஆபீஸ் இங்கே. இல்லாவிட்டால் இன்னொரு ஊர் வரிசையில் நிற்கிறது.

அறைக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. கடைக்குப் பக்கத்திலேயே ஜம்புலிங்கத்தின் அரிசிக் கிடங்கு இருந்தது. மூட்டைகளை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து அடுக்கினார். சாரதா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மூட்டைக்கு மேலே பாயைப் போட்டுத் துவைத்த துணியை மடித்து வைக்க ஆரம்பித்தாள். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

மரவேலைக்குச் சின்னசாமி வந்தான்.

சின்னசாமி சுரங்கத்தில் டிம்பர்மேன். கீழே லெவலில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. இருபது வருஷமாக ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு நேரே கடைக்கு வந்து, உப்பு மூட்டை மேல் உட்கார்ந்து, ஜம்புலிங்கம் உரக்கப் படிக்கிற பேப்பரைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். நடுநடுவே இருமுவான், படிப்பு நிற்கும், அப்புறம் தொடரும். ஜம்புலிங்கம் முதலாளி, இவன் கூலிக்காரன், சாதியும் வேறே. ஆனாலும் கடைவீதியில் ஜம்புலிங்கம் மனசைத் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கவுன்ட்டர் செய்தான், அலமாரி செய்தான். யாரும் கேட்காமலே ஒரு நீள பெஞ்சும் செய்தான். கோலாரில் உட்கார இடமில்லை, இங்கேயாவது இருக்கட்டும் என்றான். பெஞ்சுக்கு உயரம் எவ்வளவு என்று பார்வதம்மாவைக் கூட்டிவந்து ஒரு மூட்டை மேல் உட்காரவைத்து அளவெடுத்தான். முட்டி வலிக்காரி எழுந்திருக்கச் சிரமப்படக் கூடாதாம்.

“ஆபீசு தொறந்தா மொத ரசீது எனக்குத்தான், சொல்லிட்டேன்” என்றான் ஒருநாள், இழைப்புளியைத் தட்டிக்கொண்டே.

எதற்கு ரசீது, உனக்கு ஒன்றும் வேலை இல்லையே என்று ஜம்புலிங்கம் கேட்டார்.

“இன்னாத்துக்கோ ஒண்ணுத்துக்கு. ஒண்ணாம் நம்பர் போட்டு இருக்கணும். அத்தக் கண்ணாடி போட்டு மாட்டுவேன்.”

ஜம்புலிங்கம் வாக்குக் கொடுத்தார். விளையாட்டுக்குக் கொடுத்த வாக்கு என்றாலும் மனசுக்குள் நிஜமாகவே முடிந்து வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் சின்னசாமியின் பேர் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். லைன்களில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ஒருவரும் தப்பாக நினைக்காத விஷயம். சுரங்கத்தில் ஆளுக்கு ஒரு பித்தளைப் பில்லை உண்டு, டிக்கெட் என்றும் சொல்வார்கள். அதிலிருக்கிற நம்பருக்கு நேரே, வருகை குறிக்கிற டைம் ஆபீஸ் புத்தகத்தில் ஒரு பேர் இருக்கும். அந்தக் காலத்தில் ஒருவன் செத்தாலோ ஊரோடு போய்விட்டாலோ, அவன் பில்லையைத் தம்பியோ மச்சானோ எடுத்துக்கொண்டு வந்து வேலையில் நின்றுவிடுவான். ஆள் மாறும், பேர் மாறாது. சின்னசாமியின் அண்ணன் கோவிந்தன் நாற்பத்து நாலில் லீவில் குடியாத்தம் பக்கம் ஊருக்குப் போனவன் காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் சாப்பிட ஐந்து வாய். பதினெட்டு வயசுச் சின்னசாமி அண்ணன் பில்லையை இடுப்பில் முடிந்துகொண்டு ரயிலேறி வந்தான். மேஸ்திரி பில்லையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கோவிந்தனா என்று கேட்டார். இவன் ஆமாங்க என்றான். அதோடு முடிந்தது. இருபத்து மூன்று வருஷமாகச் சுரங்கத்துக்கு உள்ளே அவன் கோவிந்தன், வெளியே சின்னசாமி. அந்த மாதிரி இரட்டைப் பேர்க்காரர்கள் லைனுக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

தை பிறந்ததும் ஜம்புலிங்கம் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கடையைச் சாரதா பார்த்துக்கொண்டாள். அட்டை போட்ட பெரிய நோட்டு, ஏழு கட்டம் கோடு போட்டது. வீட்டு நம்பர், குடும்பத் தலைவர், தகப்பன் பேர், வயசு, வேலை, உருப்படி எத்தனை, கடைசியில் ‘குறிப்பு’. இந்தக் குறிப்பு என்ற கட்டம் வேணுகோபால் கேட்கவே இல்லை. ஜம்புலிங்கமே சேர்த்துக்கொண்டது. ‘கண் தெரியாதவர்’, ‘கணவர் விபத்தில் காலமானார்’, ‘மகன் பெங்களூரில்’ என்று இரண்டு வார்த்தை எழுதி வைத்தால், நாளைக்கு உதவி கேட்டு வருகிறபோது விவரம் கையில் இருக்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் நல்லதுதான். நல்ல எண்ணத்தோடு ஒரு மனுஷன் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

கதவைத் தட்டுவார், பெண்பிள்ளைகள் வந்து சொல்வார்கள், எழுதிக்கொள்வார். யாராவது பில்லையில் இருக்கிற பேரைச் சொன்னால் அதையே எழுதினார். அதற்கு மேல் நோண்டவில்லை, நோண்டினாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை. முன்னூற்றுச் சொச்சம் வீட்டில் முக்கால்வாசிப் பேரை அவருக்கு முகத்தளவில் தெரியும், அவ்வளவுதான்.

மூன்றாம் லைனில் சின்னசாமி வீட்டுக்கு ஒரு முற்பகலில் போனார். அவன் ஷிப்டில் இருந்தான். அவன் மனைவி சரோஜம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முக்காலியைப் போட்டு, காப்பி கொண்டுவந்து வைத்தாள். வீட்டு நம்பரை எழுதினார். பேர்க் கட்டத்துக்கு வந்ததும் அவளைக் கேட்காமலே ‘சின்னசாமி’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கை ஓடுகிற விதத்தில் என்னவோ புரிந்தது போலிருக்கிறது.

“மொதலாளி, டிக்கெட்ல இருக்கற பேரத்தான எழுதறீங்க?” என்றாள்.

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு விளக்கினார். இது சுரங்கக் கம்பெனி புத்தகம் இல்லை, சர்க்கார் புத்தகம். பையன்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் தகப்பன் பேர் சின்னசாமி என்று இருக்கிறது, எழுதிக் கொடுத்ததே தான்தான். இங்கே கோவிந்தன் என்று எழுதினால், நாளைக்கு அந்தப் பிள்ளைகள் ஒரு சான்றுக்குப் போய் நின்றால், உன் அப்பன் யார் என்று கேட்பான். கோலாரில் அப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் பார்த்திருக்கிறார். உண்மையை எழுதுவதுதான் என்றைக்கும் நல்லது.

சரோஜம்மா எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவுரு ஷிப்டு முடிஞ்சி வரட்டும். ஒரு வார்த்த கேட்டுக்கினு எழுதுங்க” என்றாள்.

“சின்னசாமியை நான் கேக்கணுமா? அவன் இன்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியாதாம்மா?”

சொல்லிவிட்டு எழுதினார். அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. கடைசிக் கட்டத்தில், தன் நுணுக்கத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ‘இறந்துபோன அண்ணன் கோவிந்தன் பேரில் சுரங்க வேலை’ என்று பொடி எழுத்தில் எழுதினார். இரண்டு பேருக்கும் உள்ள சம்பந்தம் எங்கேயாவது பதிவாகியிருந்தால், பிற்காலத்தில் குழப்பம் வந்தால் தீர்க்கலாம் என்று நினைத்தார். அவ்வளவாகத் தெரியாத இரட்டைப் பேர்க்காரர்கள் அத்தனை பேரும் அந்த நோட்டில் தப்பித்துக்கொண்டார்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒருவன் மாட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் சின்னசாமி வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்தான். நம்ம வீட்டில் எழுதியாச்சா என்று கேட்டான். எழுதியாச்சு என்றார். என்ன எழுதினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. சரோஜம்மா இன்னும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்ல மறைத்தார் என்றில்லை, அன்றைக்கோடு எண்பது வீடு முடித்த பெருமையில் அது நினைவிலேயே இல்லை.

மாசி முடியப் பத்து நாள் இருக்கும்போதே பட்டியலைக் கோலாரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இவ்வளவு சுத்தமான பட்டியலைப் பார்த்ததில்லை என்று வேணுகோபால் சொன்னார். அந்த வார்த்தையை ஜம்புலிங்கம் ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் பரப்பினார்.

லைன் வீடுகள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்பதால் பட்டியலுக்கு அவர்கள் முத்திரையும் வேண்டியிருந்தது. பார்த்து முத்திரை குத்தித் தரும்படி ஒரு நகல் டைம் ஆபீசுக்குப் போயிற்று. போகும் என்று ஜம்புலிங்கத்துக்கு யாரும் சொல்லவில்லை. யோசித்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

பங்குனியில் ஒருநாள் டைம் ஆபீஸ் கிளார்க் ராஜப்பா கடைக்கு வந்து, சாமான் வாங்குவது போல் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூன்றாம் லைன் பதினேழாம் நம்பர் வீடு கோவிந்தனுக்கு ஒதுக்கினது. பட்டியலில் சின்னசாமி என்று இருக்கிறது. அது மட்டும் இருந்தால் கூப்பிடுகிற பேர் என்று தானே தள்ளிவிட்டிருப்பார். குறிப்பில் அண்ணன் செத்துப்போனதாகவே எழுதியிருக்கிறதே, அதை மேலே காட்டாமல் எப்படி இருப்பது? இன்று காலை கோவிந்தனின் பில்லையை வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஜம்புலிங்கம் தராசில் பாதி நிறுத்த பருப்பை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் லைனுக்கு ஓடினார். சின்னசாமி வீட்டில் இருந்தான், பகல் வேளையில், சட்டை போடாமல். அவன் கோபித்திருந்தால் அவருக்குத் தேவலை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, டைம் ஆபீசில் சொன்னதைச் சொன்னான். ஒரு மாசத்துக்குள் கோலாரிலிருந்து, கோவிந்தன் என்பதும் சின்னசாமி என்பதும் ஒரே ஆள்தான் என்று ஒரு சான்று வாங்கி வந்தால், புத்தகத்தில் திருத்திக்கொண்டு வேலையில் வைத்துக்கொள்வார்களாம். முன்னால் இரண்டு பேருக்கு அப்படிச் செய்திருக்கிறார்களாம். வராவிட்டால் வேலையும் இல்லை, அப்புறம் இரண்டு மாசத்தில் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

“நீங்க கூட வந்தா ஆயிடும்” என்றான். சரோஜம்மா உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை.

இரண்டு பேரும் கோலாருக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், உட்காரச் சொல்லி விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடித்து, வேணுகோபாலிடம் சாம்பியன் ரீப்ஸ் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். வேணுகோபால் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி பொடி எழுத்தின் மேல் விரலை வைத்து, இது யார் கையெழுத்து என்று கன்னடத்தில் கேட்டார். ஜம்புலிங்கம் தன்னுடையது என்றார். அண்ணன் கோவிந்தன் இறந்துபோனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது இரண்டும் ஒரே ஆள் என்று சாட்சி சொல்ல வந்திருக்கிறீர்கள். இரண்டில் எது நிஜம் என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பிறகு அவரே வழியும் சொன்னார். இந்த வரி தப்பு, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று நீங்கள் ஒரு காகிதம் எழுதிக் கொடுங்கள், நான் இவருக்கு இப்போதே சான்று தருகிறேன். ஆனால் எழுதினவரே தப்பு என்று ஒப்புக்கொண்ட பட்டியலை நான் மேலே அனுப்ப முடியாது. முழுவதும் திரும்ப எடுக்க வேண்டும். அந்த இன்னொரு ஊரின் பட்டியல் தயாராக என் மேஜையில் இருக்கிறது. இந்த வருஷம் ஒரு ஆபீஸுக்குத்தான் அனுமதி. யோசித்துச் சொல்லுங்கள்.

ஜம்புலிங்கம் யோசித்தார். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு பல தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் கூட இருக்காது. பார்வதம்மாவை நினைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகவே அந்தப் புளியமரத்தடிக் கல் தெரிந்தது, அதில் இன்றைக்கும் யாரோ ஒரு பொம்பிளை உட்கார்ந்திருந்தாள். ஆறு லைன் ஜனங்களை நினைத்தார். ஏழு வருஷ மனுக்களை நினைத்தார். இதெல்லாம் நிஜம். இன்னொன்றும் நிஜம். ஆபீஸ் வாசலில் மாட்டப் போகிற பலகையின் மாதிரியை வேணுகோபால் அவருக்குக் காட்டியிருந்தார். அடியில் ‘இட உபயம்: ஜம்புலிங்கம்’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. அந்தப் பலகையையும்தான் அவர் நினைத்தார்.

“பட்டியல் சரியாத்தான் இருக்குது, சுவாமி” என்றார் கன்னடத்தில்.

பக்கத்து நாற்காலியில் சின்னசாமி இருந்தான். இருபத்து மூன்று வருஷம் இந்த ஊர்க்காரன், அவனுக்குக் கன்னடம் நன்றாகவே புரியும்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் அவன் வந்து பக்கத்தில் உட்காரவில்லை. படிக்கட்டோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பங்காரப்பேட்டை வரைக்கும் நின்றே வந்தான். ரயிலில் எதிரே உட்கார வேண்டியதாகிவிட்டது. ஜம்புலிங்கம் என்னென்னவோ சொன்னார். ஆபீஸ் திறந்ததும் நம்ம ஊரிலேயே வேணுகோபாலை வைத்துச் சரிபண்ணலாம், இன்னொரு மனு எழுதலாம், தொழிற்சங்கத்தில் சொல்லலாம் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வரும்போது சின்னசாமி ஒன்றே ஒன்று கேட்டான்.

“அந்த பெஞ்சுல ஒரு காலு ஆடுதே, பாத்தீங்களா?”

பார்க்கவில்லை என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனான். மறுநாள் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் வந்து, சாரதாவிடம் சாவி வாங்கி, பெஞ்சுக் காலுக்கு ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆடுகிற மரத்தை ஆடவிட்டுப் போக டிம்பர்மேனுக்கு மனசு வராது. அதன் பிறகு உப்பு மூட்டை காலியாகத்தான் இருந்தது. ஜம்புலிங்கம் பேப்பரை மனசுக்குள் படிக்கப் பழகிக்கொண்டார். சரோஜம்மா சாமான் வாங்கக் கடைவாசலைத் தாண்டி ராபர்ட்சன்பேட்டை வரை நடந்து போனாள். போகும்போதும் வரும்போதும் தலை திரும்பாது.

சாரதாதான் வாய்விட்டுச் சொன்னாள், ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே. கேட்டிருக்கலாம் இல்லையா, சாயங்காலம் வரப்போகிற மனுஷனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா என்று. அவர் கூடத்து அரிசி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்.

ஆனி மாசம் ஒரு திங்கட்கிழமை சேவை ஆபீஸ் திறந்தது. மாவிலைத் தோரணம், மைக் செட், வாழைமரம். அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். ஜம்புலிங்கத்துக்கு மாலை போட்டார்கள். ஜனம் கைதட்டியது, நிஜமான சந்தோஷத்தோடுதான் தட்டியது. பார்வதம்மா பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்து, காலை நீட்டி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். பில்லைப் பேரைப் பட்டியலில் கொடுத்திருந்த இரட்டைப் பேர்க்காரர்களில் நாலைந்து பேரும் சலவைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு எந்தத் தடங்கலும் இல்லை. எழுத்தெல்லாம் ஒத்துப்போயிற்று.

ஒன்றாம் நம்பர் ரசீதை யாருக்கும் கிழிக்க வேண்டாம் என்று ஜம்புலிங்கம் வேணுகோபாலிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார். யாருக்காக என்று வேணுகோபால் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். வருவான் என்று ஜம்புலிங்கம் நினைக்கவில்லை. வந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஆனாலும் வைத்திருந்தார்.

அதிகாரி கிளம்பிப் போய் மைக்கை நிறுத்தின பிறகு சின்னசாமி வந்தான், கூட சரோஜம்மா. தகர டிரங்குப் பெட்டியும் படுக்கையும் ஸ்டேஷனில் பிள்ளைகள் காவலில் இருப்பதாக யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தான். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. மத்தியான ரயிலில் குடியாத்தம் போகிறார்கள், அங்கே மச்சான் வீட்டில் ஏதோ வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று. அங்கே ரேஷன் கார்டு வாங்க வேண்டுமானால் இங்கே இருக்கிற கார்டை ஒப்படைத்துக் குடும்பத்தின் பேரை எடுத்துவிட்டதாக ஒரு சீட்டு வேண்டும். வரிசையில் இருந்தவர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள்.

“நல்ல வேளைக்குத் தொறந்தீங்க மொதலாளி. இல்லாட்டி இதுக்கு ஒருக்கா கோலாருக்குப் போயி வரணும்” என்றான்.

கேலியா, நிஜமா என்று ஜம்புலிங்கத்துக்குத் தெரியவில்லை. கழுத்து மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கவுன்ட்டருக்கு அடியில் வைத்தார். அந்த ஃபாரம் கன்னடத்தில் இருந்தது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர்தானே, வேணுகோபால் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார். ஜம்புலிங்கம் பேனாவைத் திறந்தார். மேலே முதல் கட்டம், குடும்பத் தலைவர் பேர்.

பேனா நின்றது. அந்த முற்பகலும், காப்பி டம்ளரும், முக்காலியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சரோஜம்மா இன்றைக்கும் அதே மாதிரி அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா பேரு எழுதட்டும், சின்னசாமி?” என்று கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் இருமினான். இருமி முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் சொன்னான்.

“பட்டியல்ல இன்னா இருக்குதோ அதையே எழுதுங்க மொதலாளி. அது சரியாத்தான இருக்குது.”

ஜம்புலிங்கம் ‘சின்னசாமி’ என்று எழுதினார். கீழே உருப்படி எத்தனை, வீட்டு நம்பர், எல்லாம் எழுதினார். கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. பட்டியலில் அவர் போட்ட கட்டம் நன்றாக இருக்கிறது என்று சர்க்கார் ஃபாரத்திலும் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதைக் காலியாக விட்டார். வேணுகோபால் கார்டை வாங்கிக்கொண்டு, முத்திரை குத்தி, ஒன்றாம் நம்பர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். சின்னசாமி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகிற வழியில் பெஞ்சை ஒரு கையால் அழுத்திப் பார்த்தான், ஆடவில்லை. வேணுகோபால் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.